ஈயம் வைக்காமல் ஆன்டெனா கம்பியை இணைத்தால் நிற்குமா?

உட்லண்ட்ஸ் பையன் · சனி, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவன். தாத்தா விட்டுச்சென்ற சிற்றலை ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில்தான் அவர் தமிழோசை கேட்பார், இலங்கை வானொலி கேட்பார் என்று அம்மா சொல்வார். போன மாதம் பேட்டரி போட்டுப் பார்த்தேன், உயிர் வந்துவிட்டது. ஆனால் அதோடு வரும் குச்சி ஏரியலில் இரைச்சல்தான் அதிகம்.

சரி, கம்பி ஆன்டெனா போடலாம் என்று, கெட்டுப்போன மேசை விசிறியைப் பிரித்து மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவினேன். உருவும்போது இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. மூன்று துண்டையும் விரலால் நன்றாக முறுக்கி இணைத்து, என் அறையிலும் கூடத்திலும் சுவரின் மேல் ஓரமாக ஏறத்தாழ 11 மீட்டர் ஓட்டியிருக்கிறேன். கேட்கிறது, ஆனால் நிலையாக இல்லை. சில நேரம் குச்சி ஏரியலே பரவாயில்லை போலிருக்கிறது. ரேடியோவிலிருந்து தள்ளி இருக்கிற துண்டைத் தொட்டால் ஒன்றுமே மாறவில்லை. ரேடியோ பக்கத்துத் துண்டைத் தொட்டால் சத்தம் கூடுகிறது.

வீட்டில் சால்டரிங் அயர்ன் (சால்டர் எனும் ஈயப்பற்றை உருக்கி ஒட்டும் சூட்டுக்கோல்) இல்லை. தங்கைக்கு ஆஸ்துமா, புகை ஆகாது. அதனால் வாங்கவும் போவதில்லை. சால்டர் இல்லாமல் முறுக்கிய இணைப்பு ஆன்டெனாவுக்குப் போதுமா? போதாது என்றால் வேறு என்ன வழி?

தேக்கா டெக்னீஷியன் · சனி, இரவு 10:15

தம்பி, நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவன். சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில் மூடும்வரை வாராவாரம் போய்ப் பழைய ரேடியோ வாங்கி வந்து சரி செய்வேன். யாரோ அவசரத்துக்கு முறுக்கிவிட்டுப்போன இணைப்பு உள்ளே இருந்தால் பழுதும் அங்கேயேதான் இருக்கும். இன்றைக்குப் பேசும், நாளைக்குப் பேசாது, தட்டினால் பேசும். சால்டர் வைக்காத இணைப்பை நான் இணைப்பு என்றே சொல்ல மாட்டேன். அயர்ன் வாங்க வேண்டாம், சிம் லிம் டவர் பக்கம் கம்பியோடு வா. வைத்துத் தருகிறேன்.

பழைய லைன்மேன் · சனி, இரவு 10:31

தம்பி, ஒரே ஒரு கேள்வி. முறுக்குவதற்கு முன்னால் கம்பியைச் சுரண்டினாயா?

உட்லண்ட்ஸ் பையன் · சனி, இரவு 10:34

இல்லை ஐயா. எதைச் சுரண்ட வேண்டும்? மேலே பிளாஸ்டிக் உறை எதுவும் இல்லையே, வெறும் செம்புதானே?

பழைய லைன்மேன் · சனி, இரவு 11:20

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மோட்டார் கம்பி பார்வைக்கு வெறும் செம்பு மாதிரி தெரியும். ஆனால் அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. எனாமல் என்பார்கள், வார்னிஷ் என்பார்கள். அது இல்லாவிட்டால் மோட்டாருக்குள் சுற்றுக்குச் சுற்று ஒட்டிப் புகைந்துபோகும். நீ முறுக்கிய இரண்டு இடத்திலும் செம்பு செம்பைத் தொடவே இல்லை. பூச்சும் பூச்சும்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பின்னே எப்படிக் கொஞ்சமாவது கேட்கிறது என்று நீ கேட்பாய். நடுவில் காப்பு, இரு பக்கமும் உலோகம் என்றால் அது ஒரு கெபாசிட்டர், மின்தேக்கி. ரேடியோ அலை அதைக் கொஞ்சம் தாண்டும். அந்த முறுக்கு 10 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள். 7 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 2,300 ஓம் தடையாக நிற்கும். முறுக்கு அசைந்தால் அந்த எண்ணும் மாறும். அதனால்தான் நிலையாக இல்லை. நீ தொட்டால் சத்தம் கூடுவதற்குக் காரணம் உன் உடம்பும் ஆன்டெனாவாகச் சேர்ந்துகொள்வது. அப்பால் இருக்கிற துண்டைத் தொட்டபோது ஒன்றும் மாறவில்லை என்றாயே, அந்தத் துண்டு கூட்டத்தில் சேரவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

டெக்னீஷியன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கம்பியில் சுரண்டாமல் சால்டர் வைத்திருந்தாலும் பிடித்திருக்காது. சில மெல்லிய சுருள் கம்பிகளின் பூச்சு அயர்ன் சூட்டில் உருகும். மோட்டார் கம்பியின் பூச்சு சூடு தாங்கவே செய்தது. ஈயம் அதன்மேல் உருண்டுதான் ஓடும்.

நாளைக் காலையில் இதைச் செய். முறுக்கை அவிழ்த்துவிடு. ஒவ்வொரு முனையிலும் 6, 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு உப்புத்தாளை மடித்து, அதன் நடுவில் கம்பியை வைத்து இழு. நான்கு பக்கமும் படும்படி திருப்பித் திருப்பி இழு. பழுப்பு நிறம் போய், புதுக்காசு மாதிரி இளஞ்சிவப்புப் பளபளப்பு வரும்வரை விடாதே. பிளேடு வேண்டாம், மெல்லிய கம்பியில் கீறல் விழுந்தால் அந்த இடத்திலேயே ஒடியும். மல்டிமீட்டர் இருந்தால் முதல் துண்டின் தலையிலும் கடைசித் துண்டின் வாலிலும் வைத்துப் பார். வாலையும் கொஞ்சம் சுரண்டிக்கொள், இல்லாவிட்டால் மீட்டரும் ஏமாறும்.

முறுக்குவதிலும் முறை இருக்கிறது. இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்துக் கயிறு திரிப்பதுபோல் திரிப்பது சும்மா ஒட்டவைப்பதற்குச் சரி, இழுவிசை தாங்காது. நான் 1970களில் தொலைபேசிக் கம்பம் ஏறிய காலத்தில் போட்ட கட்டு வேறு. இரண்டு கம்பியையும் எதிரெதிராக வைத்து ஒன்றன்மேல் ஒன்று பெருக்கல் குறி மாதிரி போடு. நடுவில் ஒரு சுற்று தளர்வாக முறுக்கு. பிறகு இடப்பக்கம் நீளும் வாலை மற்றக் கம்பியின்மேல் செங்குத்தாக, சுற்றோடு சுற்று ஒட்டியபடி ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்று. வலப்பக்க வாலையும் அப்படியே. மிஞ்சிய நுனியை ஒட்ட வெட்டி, குறடால் அமுக்கிவிடு. இழுக்க இழுக்க அது இறுகும். தந்திக் காலத்திலிருந்து வருகிற கட்டு, வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியின் பெயராலேயே இன்றைக்கும் அழைக்கிறார்கள்.

பொங்கோல் அலைகள் · ஞாயிறு, காலை 7:05

லைன்மேன் ஐயா சொன்ன ‘சுற்றோடு சுற்று’ எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், தம்பி, தேக்காவில் பூக்கடை அக்கா மல்லிகைச் சரம் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார். நார் எங்கேயும் தொங்காது. விரல் ஒரு சுற்றை அழுத்திப் பிடித்த பிறகுதான் அடுத்த சுற்று விழும். நான் பள்ளியில் மாணவர்களுக்கு இந்தக் கட்டைச் சொல்லிக் கொடுக்கும்போது அப்படித்தான் சொல்வேன். பூக்கட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு முதல் முறையிலேயே வந்துவிடுகிறது.

நான் உரிமம் வாங்கிய அமெச்சூர் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவள்), அழைப்புக்குறி 9வி1 என்று தொடங்கும். இணைப்பு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். அரை அலைநீள டைபோல் ஆன்டெனாவில் (நடுவிலிருந்து இரு பக்கமும் சம நீளக் கம்பி இரண்டு கை மாதிரி நீளும்) நடுவில்தான் மின்னோட்டம் அதிகம். நுனிக்குப் போகப் போக அது குறைந்து நுனியில் பூஜ்யமாகிவிடும். அதனால் துண்டுக் கம்பிகள்தான் கையில் இருக்கின்றன என்றால், நீளமான முழுத்துண்டை நடுவுக்கு வை, ஒட்டுப்போட்டவற்றை நுனிப்பக்கம் தள்ளு. கம்பி கூடுதலாக இருந்தால் வெட்டாதே. நுனியில் மடித்து அதன்மேலேயே சுற்றிவிடு. பிறகு நீளம் போதவில்லை என்றால் அவிழ்த்துக்கொள்ளலாம், ஒட்டே தேவைப்படாது. என் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் மொத்தம் 20 மீட்டர் சொச்சம் (143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும்). அதில் இரண்டு கையும் ஒட்டே இல்லாத கம்பி.

தேக்கா டெக்னீஷியன் · ஞாயிறு, காலை 9:48

எனாமலைக் கவனிக்காமல் பதில் போட்டது என் தவறுதான், லைன்மேன் ஐயா சரியாகப் பிடித்தார். ஆனால் சால்டர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொல்கிற அதே கட்டுக்கு நாசாவின் வயரிங் தரநூலிலும் இடம் இருக்கிறது. கட்டிய பிறகு சால்டர் வைக்க வேண்டும் என்றுதான் அங்கேயும் இருக்கிறது.

சிங்கப்பூர்க் காற்றை யோசித்துப் பாருங்கள். வருசம் முழுக்க ஈரம், எந்தப் பக்கம் போனாலும் கடல். ஜொகூரில் என் மச்சான் வீட்டுக் கூரையில் 20 மீட்டர் கம்பி கட்டினேன். நன்றாகச் சுரண்டி, குறடால் முறுக்கி, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். முதல் ஒரு மாதம் அருமை. தீபாவளிக்குப் போனபோது காற்று அடிக்கும்போதெல்லாம் கரகர என்று சத்தம். இறக்கிப் பார்த்தால் முறுக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. நம்முடைய வெண்கலப் பானையில் வருகிற அதே களிம்பு.

சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை. செம்பின்மேல் படியும் ஆக்சைடு ஒரு வகை அரைக்கடத்தி. 1920களில் செம்பு ஆக்சைடுத் தகடுகளை வைத்தே ரெக்டிஃபையர் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி) செய்தார்கள். களிம்பு பிடித்த இணைப்பும் டயோடு மாதிரி, அதாவது ஒருவழிப் பாதை மாதிரி, வேலை செய்யும். பக்கத்து நிலையம் இரண்டு கலந்து, எங்கேயும் இல்லாத மூன்றாவது அலைவரிசையில் பாடும். சால்டர் அந்தக் கதவை மூடிவிடுகிறது.

துவாஸ் எலக்ட்ரீஷன் · ஞாயிறு, பகல் 1:30

அண்ணே, நான் துவாஸில் கப்பல் கட்டும் தளத்தில் எலக்ட்ரிக்கல் வேலை, ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இன்றைக்கு லீவு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்கிற களிம்பு நூற்றுக்கு நூறு உண்மை. உப்புக்காற்று பற்றி எங்களுக்குத் தெரியாதா? ஆனால் நாங்கள் கப்பலில் கேபிள் முனைக்கு சால்டர் வைப்பதில்லை, கிரிம்ப்தான் (கம்பியை ஸ்லீவ் எனும் சின்ன உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்குவது) அடிக்கிறோம். காரணம் அதிர்வு. பல இழைக் கம்பியில் சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறிக் கொஞ்ச தூரம் உள்ளே ஏறும். அந்த இடம்வரை கம்பி விறைப்பாகிவிடும். அதற்கு அப்பால் வளையும். அந்த எல்லையில்தான் ஆடி ஆடி ஒடியும். காற்றில் ஆடுகிற ஆன்டெனாவுக்கும் இது அப்படியே பொருந்தும். மச்சான் வீட்டில் நீங்கள் சால்டர் வைத்திருந்தால் களிம்பு வந்திருக்காது. காற்று ஒரு நாள் அந்த ஓரத்தில் ஒடித்திருக்கலாம்.

நல்ல கிரிம்ப் என்றால் என்ன? கம்பியையும் ஸ்லீவையும் சேர்த்து நசுக்கும்போது உலோகம் உலோகத்துக்குள் பாய்ந்து காற்றுகூடப் புக இடம் இல்லாமல் ஆகிவிட வேண்டும். காற்று இல்லாத இடத்தில் களிம்பு எங்கிருந்து வரும்? அதற்கு ரேட்செட் கிரிம்பர் வேண்டும், பாதியில் விடாது, முழுசாக அமுக்கிய பிறகுதான் திறக்கும். பிளையரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. அளவும் முக்கியம். சிவப்பு ஸ்லீவ் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர், நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. மெல்லிய கம்பியை நீலத்தில் விட்டு அமுக்கினால் கையால் இழுத்தாலே வந்துவிடும். அடித்ததும் ஒரு முறை நன்றாக இழுத்துப் பாருங்கள், நாங்கள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்போம். இந்த ஸ்லீவெல்லாம் பல இழைக் கம்பிக்குச் செய்தது, ஒற்றைக் கம்பிக்கு அவ்வளவு பிடிப்பு கிடைக்காது. ஒற்றைக் கம்பிக்கு லைன்மேன் ஐயா கட்டுதான்.

இன்னொன்று. திருகு டெர்மினலில் போடும் கம்பி முனைக்கு ஈயம் பூசிவிட்டு இறுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து விலகும். ஒரு மாதம் கழித்துத் திருகு தளர்ந்திருக்கும். வெறும் இழைதான் போட வேண்டும், முடிந்தால் ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தொப்பி) மாட்டி.

மலிவான ஸ்பீக்கர் கம்பி வாங்கினால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு, உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். அதை முறுக்கினால் ஒடியும், திருகில் இறுக்கினால் நாளடைவில் தளரும். ஆன்டெனாவுக்கு அதை வாங்கவே வேண்டாம்.

கோவை டு ஜூரோங் · ஞாயிறு, பகல் 2:12

களிம்பு பிடித்த பழைய கம்பியைச் சுத்தம் செய்யப் புளி போதுமே? அம்மா செம்புக் குடம் விளக்குவது போல. கொஞ்சம் உப்பும் சேர்த்தால் ஒரு நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

பழைய லைன்மேன் · ஞாயிறு, பகல் 2:40

பளிச்சென்று ஆகும், மறுப்பில்லை. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். ஆனால் குடத்தை நீங்கள் விளக்கியதும் தண்ணீர் ஊற்றி அலசுகிறீர்கள். முறுக்கின் சுற்றுகளுக்கு நடுவே போன புளியையும் உப்பையும் எப்படி அலசுவது? அது உள்ளேயே உட்கார்ந்து ஈரத்தை இழுத்து முன்பைவிட வேகமாகக் களிம்பை உண்டாக்கும். முறுக்குவதற்கு முன்னால், தனிக் கம்பியில், பிறகு வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைப்பது என்றால் செய்யுங்கள். முறுக்கிய இணைப்பின்மேல் ஒருநாளும் வேண்டாம்.

துவாஸ் எலக்ட்ரீஷன் · ஞாயிறு, பகல் 3:05

ஐயா சொன்னது சரி. அதே அமிலம் இன்னொரு வழியாகவும் வரும், பலருக்குத் தெரியாது. இணைப்பை மூட சிலிகான் பூசுவார்கள். பூசும்போது வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். செம்பை அது அரிக்கும். கண்ணாடித் தொட்டி ஒட்ட அது நல்லது, கம்பிக்கு ஆகாது. ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தனக்குத்தானே ஒட்டுகிற ரப்பர் டேப்தான் சிறந்தது. இழுத்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீட்டி, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஒரே ரப்பர் கட்டி ஆகிவிடும், பிரிக்க வராது. வெயில் அதை அரிக்காமல் இருக்க மேலே கறுப்பு பிவிசி டேப் ஒரு சுற்று. கீழிருந்து மேலே சுற்றுங்கள், ஓட்டுக் கூரை மாதிரி தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். வெறும் பிவிசி டேப்பை மட்டும் நம்பினால் நம் வெயிலில் பசை உருகி, டேப் விரிந்து, உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். அதற்கு மூடாமலே விட்டிருக்கலாம்.

செம்பையும் அலுமினியத்தையும் நேரே சேர்க்கவே கூடாது. ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே பேட்டரி மாதிரி ஒரு வேலை நடக்கும், அலுமினியம் பொடிந்து போகும். நடுவில் எவர்சில்வர் வாஷர் வையுங்கள்.

தேக்கா டெக்னீஷியன் · ஞாயிறு, மாலை 6:20

துவாஸ் தம்பி, அந்த ஓரத்தில் ஒடிகிற விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். டிவியின் பவர் வயர் பலகையில் ஏறுகிற இடத்தில் அப்படித்தான் ஒடியும். கூரை ஆன்டெனாவோடு அதைச் சேர்த்து நான் யோசித்ததில்லை. நன்றி.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. இணைப்பில் வரும் தடையைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, அது ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி. அது எல்லா ஆன்டெனாவுக்கும் உண்மையா? என் அண்ணன் மகன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கம்பி நீட்ட இடமில்லை என்று, ஒரு மீட்டர் குறுக்களவில் செம்புக் குழாயால் வளைய ஆன்டெனா செய்தான். நாலு துண்டுக் குழாயை ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியிருந்தான். டைபோல் போட்டவர்கள் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூட அவன் குரல் போய்ச் சேரவில்லை.

பொங்கோல் அலைகள் · ஞாயிறு, இரவு 8:55

அண்ணே, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் டைபோல். நடுவில் அதன் தடை சுமார் 73 ஓம். 10 வாட் கொடுத்தால் 0.37 ஆம்பியர் ஓடும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே வீணாவது 14 மில்லிவாட். பத்து வாட்டில் பதினாலு மில்லிவாட், காதுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் டைபோலில் கம்பி சுத்தமா, இறுக்கமா, ஈரம் போகாததா என்பதே பேச்சு. தடை நிலையாக இருந்தால் போதும், கொஞ்சம் இருப்பதில் கேடில்லை. கரகரப்பு வருவது அது நொடிக்கு நொடி மாறும்போதுதான்.

வளையம் வேறு உலகம். ஒரு மீட்டர் வளையம் 7 மெகாஹெர்ட்ஸில் அலையாக வெளியே அனுப்பும் பங்குக்கான தடை வெறும் 0.006 ஓம். 22 மில்லிமீட்டர் குழாய் என்றால் செம்பின் சொந்தத் தடையே சுமார் 0.03 ஓம் வரும், ஏனென்றால் இந்த அலைவரிசையில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் ஓடும். ஆக ஒட்டே இல்லாத வளையத்திலும் 10 வாட்டில் ஒன்றரை வாட் சொச்சம்தான் வெளியே போகும். அதே 0.1 ஓம் இணைப்பை இங்கே சேர்த்தால் வெளியே போவது அரை வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். நல்ல வளையத்தில் 10 வாட்டுக்கே 16 ஆம்பியர் ஓடும், துளித் தடையும் சூடாகத் தின்றுவிடும். நாலு கிளிப் என்றால் ஏழெட்டு இணைப்பு. உங்கள் அண்ணன் மகன் குரல் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

பழைய லைன்மேன் · ஞாயிறு, இரவு 9:30

வளையத்துக்கு நான் சொன்ன கட்டு எதுவும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஒரே குழாயை வளைப்பதுதான் முதல் வழி. இணைத்தே ஆக வேண்டும் என்றால் டெக்னீஷியன் தம்பியின் வழிதான், அதுவும் மேலோட்டமாக இல்லாமல் சுற்றிலும் ஈயம் ஓடும்படி. பல இழையிலும் தனித்தனிப் பூச்சு உள்ள லிட்ஸ் கம்பிக்கும் அதே பேச்சுதான். நூறு இழையையும் உப்புத்தாளால் சுரண்ட யாரால் முடியும்?

உட்லண்ட்ஸ் பையன் · ஞாயிறு, இரவு 10:10

ஐயா, அக்கா, அண்ணன்கள் எல்லோருக்கும் நன்றி. காலையிலேயே உப்புத்தாள் வாங்கி வந்து சுரண்டினேன். நீங்கள் சொன்ன இளஞ்சிவப்பு வர ஒவ்வொரு முனைக்கும் ஐந்து நிமிடம் ஆனது. முதல் கட்டில் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது, வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது நன்றாக வந்தது. மீட்டரில் தலையிலிருந்து வால்வரை இப்போது தொடர்ச்சி காட்டுகிறது.

இன்றைக்கு இரவு 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே முள்ளை நகர்த்தினால் ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் வருகின்றன. ஒரு சீன நிலையம் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்டது.

அக்கா, கம்பியை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் நீட்டினால் இன்னும் நன்றாக இருக்குமா? அதற்கு அனுமதி எதுவும் வேண்டுமா?

பொங்கோல் அலைகள் · ஞாயிறு, இரவு 10:26

கேட்பதற்கு உரிமம் வேண்டாம், தம்பி. ரேடியோ, டிவி உரிமக் கட்டணத்தையே 2011இல் எடுத்துவிட்டார்கள். அனுப்புவதற்குத்தான் தேர்வு எழுதி, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் வாங்க வேண்டும்.

ஆனால் மூங்கில் கழி வேண்டவே வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து கழியோ இரும்போ விழுந்தால் கீழே நடப்பவர் உயிர் போகும். வெளிச்சுவரில் எதைப் பொருத்துவதானாலும் முதலில் வீவகவிடமும் நகர மன்றத்திடமும் கேட்க வேண்டும். நம் ஊரில் வருசத்தில் பாதி நாள் இடி மின்னல். வெளியே நீட்டிய கம்பியை இடி கேட்டபிறகு ரேடியோவிலிருந்து கழற்ற ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளேயே இருக்கட்டும்.

திறந்த வெளியில் கேட்க ஆசையாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை மாலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு வா, அம்மாவையும் அழைத்து வா. நான் கண்ணாடியிழைக் கழியும் 20 மீட்டர் டைபோலும் கொண்டு வருவேன். நடு இணைப்பில் சால்டர் கிடையாது. பிளாஸ்டிக் நறுக்குப் பலகையில் இரண்டு ஓட்டை, எவர்சில்வர் போல்ட், வளைய லக் (போல்ட்டில் மாட்டும் வளையமுள்ள கம்பி முனை), அவ்வளவுதான். பலகையில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியை அவற்றின் வழியே நுழைத்து மடித்திருக்கிறேன். இழுவிசை பலகைக்குப் போகிறது, லக் எதையும் சுமப்பதில்லை. கோஆக்ஸ் (ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் பின்னல் உறைக் கேபிள்) முனையை மட்டும் ரப்பர் டேப்பால் மூடியிருக்கிறேன், அதன் பின்னலுக்குள் ஒரு முறை தண்ணீர் ஏறிவிட்டால் கேபிளையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

துவாஸ் எலக்ட்ரீஷன் · ஞாயிறு, இரவு 10:41

அக்கா, சனிக்கிழமை எனக்கும் ஓவர்டைம் இல்லை. ரேட்செட் கிரிம்பர் கொண்டு வருகிறேன். தம்பி கையால் ஒன்று அடித்துப் பழகட்டும்.

உட்லண்ட்ஸ் பையன் · மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8:30

ஈஸ்ட் கோஸ்டில் அண்ணன் முன்னால் ஆறு கிரிம்ப் அடித்தேன். இரண்டு இழுத்ததும் வந்துவிட்டன, நாலு நின்றன. வந்த இரண்டிலும் கம்பியை ஸ்லீவின் கடைசிவரை தள்ளவில்லை என்று அண்ணன் வெட்டிக் காட்டினார்.

வீட்டு ஆன்டெனா நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக மழை பெய்யும்போது மட்டும் சரசரவென்று சத்தம். இரண்டு கட்டையும் அவிழ்க்காமல் அசைத்துப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. அவை அறைக்குள்ளே, ஈரமே படாத இடத்தில் இருக்கின்றன. வேறு எங்கே தேடுவது?

பழைய லைன்மேன் · வெள்ளி, இரவு 8:52

கம்பி ஜன்னல் கிரில்லை ஒட்டிப் போகிறதா? கிரில் துருப்பிடித்த கீலில் தொங்குகிறதா?

உட்லண்ட்ஸ் பையன் · வெள்ளி, இரவு 8:55

ஆமாம் ஐயா. கம்பி அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. கீல் இரண்டும் துரு.

பழைய லைன்மேன் · வெள்ளி, இரவு 9:01

அதுவும் ஒரு கெட்ட இணைப்புதான் தம்பி, நீ போடாதது. டெக்னீஷியன் தம்பி சொன்ன களிம்பு டயோடு அங்கே இரும்பில் இருக்கிறது. மழைக்காற்றில் கிரில் ஆட ஆட அது தொட்டும் விட்டும் பேசுகிறது. கம்பியை எதிர்ச்சுவருக்கு மாற்றிப் பார். இடமில்லை என்றால் கிரில் ஆடாதபடி ரப்பர் துண்டு ஒன்று செருகு.

உட்லண்ட்ஸ் பையன் · சனி, இரவு 7:48

அம்மாவின் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டைக் கிரில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினேன். இப்போது வெளியே கொட்டுகிறது. சரசரப்பு இல்லை. அம்மா ரேடியோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாத்தா முள்ளை எப்படித் திருப்புவார் என்று காட்டிக்கொண்டிருக்கிறார்.